கன்ட்ரோல் எஸ்

முதல் நாள் காலையில் கடவுச்சொல்லை அடித்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளி கிடையாது, ஒரு நட்சத்திரம் கிடையாது. மறுபடி அடித்தேன். விசைப்பலகையைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தின்ற பிஸ்கட்டின் தூள் கொட்டியதுதான் மிச்சம்.

"தம்பி, இந்த கீபோர்டு செத்துப்போச்சு" என்று பக்கத்து அறைக்குக் குரல் கொடுத்தேன்.

வந்தவரை அங்கே எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆய்வகத்தின் கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. நாற்பதைத் தொடப்போகிற வயது. நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் பெரிதாக வராது.

"சாகல அக்கா. பாஸ்வேர்டு அடிக்கும்போது எதுவும் காட்டாது. நீங்க பாட்டுக்கு அடிச்சிட்டு என்டர் தட்டுங்க."

"காட்டாதா? அப்புறம் நான் அடிச்சேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நம்பணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்பத்தேழு வயதில் ஓர் இயந்திரத்தை நம்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வந்தது. ஆனால் அடித்து என்டர் தட்டினேன், கதவு திறந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே கருப்பு. மூலையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருடம் ஒரு கட்டட நிறுவனத்தில் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் தட்டச்சு செய்தவள் நான். விண்டோஸில் எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். பிறகு கிடைத்தது இந்தத் தூக்க ஆய்வகம். தூக்கம் சரியில்லாதவர்கள் மாலையில் வந்து இங்கே படுப்பார்கள். அவர்கள் தலையிலும் மார்பிலும் ஒட்டிய கம்பிகள் விடியும்வரை அலை அலையாக எழுதிக்கொண்டிருக்கும். காலையில் நான் வந்து, அந்த அலைகளைக் கணிக்கிற நிரலை ஓட்டி, டாக்டர் படிக்கிற மாதிரிப் பக்கங்களாக எடுத்து வைக்க வேண்டும். கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே இருந்தது விண்டோஸ் இல்லை, எல்லாம் லினக்ஸ். என் வேலை முழுக்கக் கருப்புத் திரையில், ஒவ்வொரு கட்டளையையும் எழுத்துக் கூட்டி அடித்துத்தான். முதல் வாரம் சுட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே தட்டுவது என்று தெரியாமல் திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி முழித்தேன்.

"மூணு மாசம் பாப்போம்" என்றார் டாக்டர். என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். ஊரார் தூக்கத்தையெல்லாம் சரிசெய்கிறவர், அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை. மூன்று மாதம் முடிந்ததும் ஒரு படிவம் வரும். அதில் மூன்று கட்டங்கள்: நிரந்தரம், நீட்டிப்பு, விடுவிப்பு. ஏதாவது ஒன்றில் டிக் விழும்.

என் கணவருக்கு பேக்கரி. "எதுக்கு இந்த வயசுல புதுசா ஒண்ணக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற? பேசாம கடைக்கு வந்துடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கடைக்குப் போனால் நான் முதலாளியின் மனைவி. அது ஒரு வேலை இல்லை, அது ஒரு உறவுமுறை. இங்கே கருப்புத் திரையில் உள்ளே நுழைந்ததும் என் பெயரில் ஒரு வீடு இருந்தது. கோப்புகள் வைக்கிற இடத்தைத்தான் அவர்கள் வீடு என்கிறார்கள். பிறந்த வீடு அப்பா பெயரில், வந்த வீடு அத்தை பெயரில். என் பெயரில் முதல் முதலாக அமைந்தது இதுதான். வாடகை கிடையாது, மாமியாரும் கிடையாது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மாமியார் என்றதும் ஞாபகம் வருகிறது. லினக்ஸுக்கு என் அத்தையின் சுபாவம். சொன்னதைச் சரியாகச் செய்தால் ஒரு வார்த்தை வராது. கட்டளை அடித்து என்டர் தட்டினால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் நிற்கும். 'ஆச்சு' என்றாவது சொல்லக்கூடாதா? தப்பாகச் செய்தால் மட்டும் வாய் திறக்கும், திறந்தால் மூட வராது. இருபத்து மூன்று வருடம் அத்தையோடு குடித்தனம் செய்தவளுக்கு இது புரிய இரண்டு வாரம் ஆனதுதான் எனக்கு வெட்கம்.

அதற்குப் பிறகு எனக்கும் அதற்கும் ஒத்துப்போக ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்கு நான் வரும்போது, இரவு தூங்கியவர்கள் கன்னத்தில் தலையணை மடிப்போடு, நெற்றியில் பசைத் தடத்தோடு, யாரையும் பார்க்காமல் நடைபாதையில் போய்க்கொண்டிருப்பார்கள். அறைகளில் போர்வைகள் கலைந்து கிடக்கும். அந்த இடத்தில் பேச யாருக்கும் தோன்றாது. நான் என் கருப்புத் திரையைத் திறந்து, போனவர்களின் இரவுகளை ஒவ்வொன்றாக எடுப்பேன். ஆழ்ந்த தூக்கத்தின் அலைகள் பெரிதாக, மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். கனவு வரும் நேரம் கண்ணின் கோடு மட்டும் எகிறி எகிறிக் குதிக்கும். என்ன கனவு என்று தெரியாது. முகம் தெரியாத ஒருவர் எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பல நாள் சாப்பாட்டு நேரம் தாண்டியதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கனவுகளும் மாறின. கனவில் எங்கள் வீட்டுச் சமையலறை கருப்பாக இருக்கும். பட்டியல் கேட்கும் கட்டளையை அடித்தால் பாத்திரங்கள் பெயர் பெயராக வரிசையில் வரும். ஒரு படி மேலே போ என்று அடித்தால், இறந்துபோன அப்பா நாளிதழ் விரித்து உட்கார்ந்திருக்கிற கூடம் வரும். "அனுமதி இல்லை" என்பார் அப்பா, தலையைத் தூக்காமல். நான் சிரித்துக்கொண்டே விழிப்பேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. அந்தத் திரை அவ்வப்போது ஊமையாகிவிடும். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். என்ன அடித்தாலும் ஓர் எழுத்து விழாது. நாளைக்கு மூன்று தடவையாவது இது நடக்கும். நான் அந்தச் சாளரத்தை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்துகொள்வேன். பூனையிடம் கேட்கவில்லை. முதல் வாரத்திலேயே அறுபது கேள்வி கேட்டாயிற்று. இதையும் கேட்டால் இவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

என் இடது கையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கட்டட நிறுவனத்தில் சேர்ந்த இரண்டாவது வருடம், நாற்பத்தொரு பக்க ஒப்பந்தம் ஒன்றைச் சேமிக்காமலே அடித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போயிற்று. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து என் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் நினைத்த நேரத்தில், என்னைக் கேட்காமலே, கன்ட்ரோல் எஸ் அழுத்திவிடும். கொட்டாவி விட்டால் அழுத்தும், யோசித்தால் அழுத்தும். தூக்கத்தில் கணவர் தோளில் அழுத்தும். "என்னை எத்தனை தடவைடி சேவ் பண்ணுவ?" என்று அவர் புரண்டு படுப்பார்.

மூன்றாவது மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன் டாக்டர் ஒரு பட்டியலோடு வந்தார். இரவு வேலை பார்க்கிற நாற்பது பேரின் பதிவுகள். எல்லாவற்றையும் புது முறையில் திரும்பக் கணிக்க வேண்டும். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மாடியில் குழு கூடுகிறது. அந்த ஆராய்ச்சி தொடரலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டுமானால் நாற்பது பக்கங்களும் கையில் இருக்க வேண்டும்.

"ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஞாயித்துக்கிழமை காலைல தானா முடிஞ்சிடும்" என்றார். "திங்கட்கிழமை உங்க மூணு மாசப் பேப்பரையும் முடிச்சிடலாம்."

நாற்பது பேரையும் ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொள்ளும்படி கட்டளையை நானே எழுதினேன். பூனை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டினார். அவர் அகராதியில் அது கைதட்டல். ஒன்றரை மணிக்கு என்டர் தட்டினேன். இரண்டரைக்கு 'ஒன்று முடிந்தது' என்று ஒரு வரி விழுந்தது. மூன்றரைக்கு இரண்டு. நாலரைக்கு மூன்று. ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு, அந்த மூன்று வரிகளையும் தாய் தொட்டிலைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தேன். மேஜையில் ஊன்றிய இடது கை என்ன செய்தது என்று நான் கவனிக்கவில்லை. சனி ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் பாடிக்கொண்டே வேலை செய்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து பார்த்தால் திரையில் அதே மூன்று வரிகள்.

என்டரைத் தட்டினேன். மறுபடி மறுபடி தட்டினேன். அசையவில்லை. எனக்குத் தெரிந்த அதே ஊமை முகம். வழக்கம்போலச் சாளரத்தை மூடக் கை போய்விட்டது.

"அக்கா, மூடாதீங்க!" பூனையின் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, இரண்டே விசைகளைச் சேர்த்து அழுத்தினார். 'நான்கு முடிந்தது' என்று உடனே ஒரு வரி விழுந்தது. நான் தட்டிய வெற்று என்டர்கள் எல்லாம் பின்னாலேயே திமுதிமுவென்று வந்தன.

"என்ன பண்ணீங்க?"

"கன்ட்ரோல் க்யூ. நீங்க கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருக்கீங்க. இங்க அதுக்கு சேவ்னு அர்த்தம் இல்ல, நில்லுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல எழுத்து வேகமா ஓடும்போது நிறுத்திப் படிக்க வச்ச பட்டன், இன்னும் இருக்கு." திரையைக் காட்டினார். "நாலாவது ஆள் முடிஞ்சதும் அதைச் சொல்ல வாயைத் திறந்திருக்கு. நீங்க பேசாதன்னுட்டீங்க. அதைச் சொல்லாம அடுத்த ஆளுக்குப் போகாது. வெள்ளிக்கிழமை சாயந்தரத்துலேந்து திறந்த வாயோட நிக்குது. அறுபத்திரண்டு மணி நேரம்."

மூன்று மாதமாக அது ஊமையானதெல்லாம் என் கையாலா! நான் அதை மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. அது என்னவென்றால், நான் சொன்னதைக் கேட்டு நின்றிருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"புதுசா வர்ற எல்லாரும் இதுல விழுவாங்க. விழுந்தா கேப்பாங்க. நீங்க கேக்கவே இல்ல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "சொல்லியிருக்கலாம்."

அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். சனி ஞாயிறு அவர் தூங்கின மாதிரித் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நாப்பதும் வந்துடுச்சா?"

டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு பூனையைப் பார்த்தார். "மெஷின் நின்னுடுச்சா? இது நிக்கவே நிக்காதுன்னு சொன்னீங்களே?"

"பாத்துட்டிருக்கேன் டாக்டர்" என்றார் பூனை. அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்காக அவர் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று புரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி இயந்திரத்தின் மேல் போய்விடும், சாயங்காலம் எனக்கு டிக் விழுந்துவிடும். ஆனால் அறுபத்திரண்டு மணி நேரம் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்றதன் தலையில் எப்படிப் போடுவது?

"மெஷின் மேல தப்பில்ல டாக்டர். என் கை நிறுத்திடுச்சு" என்றேன். எப்படி என்றும் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மணியைப் பார்த்துவிட்டு, "பதினோரு மணிக்கு என் கையில எத்தனை இருக்கும்?" என்றார்.

பூனை விரல் விட்டு எண்ணினார். தூங்குகிற அறைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, பகலில் சும்மாதான் இருக்கிறது. மீதி முப்பத்தாறு பேரை அறைக்கு மூன்று பேராகப் பிரித்துவிட்டால் மூன்று மணி நேரம். "ஆறு ரூம் நான், ஆறு ரூம் நீங்க. இங்கேந்தே போயிடலாம் அக்கா" என்றார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓர் அறையின் பெயரை அடித்தேன், கடவுச்சொல் கேட்டது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை அடித்தேன், உள்ளே இருந்தேன். எழுந்திருக்கவில்லை, கதவைத் தொடவில்லை. திரையில் வரியின் முதலில் 'அறை ஏழு' என்று இருந்தது. ஏழாம் அறையின் கலைந்த போர்வையும் சாய்ந்த தலையணையும் அந்தக் கருப்புக்குள்ளே எங்கேயோ இருப்பதாகத் தோன்றியது. மூன்று பேரை அங்கே விட்டுவிட்டு எட்டுக்குப் போனேன். எட்டிலிருந்து ஒன்பது. யாரையும் எழுப்பாமல் வீடு முழுக்க நடந்துவருகிற மாதிரி ஆறு அறைகளுக்கும் போய்வந்தேன். ஒரு தடவைகூடப் பிழைச் செய்தி வரவில்லை. எட்டரைக்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை எடுத்தோம். நான் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்பதரைக்குப் பன்னிரண்டு பேரின் பக்கங்கள் வந்தன. பத்தரைக்கு இன்னும் பன்னிரண்டு. டாக்டர் இருபத்தெட்டுப் பக்கங்களோடு மாடி ஏறினார். மீதி பதினொன்றரைக்கு வந்தது. அச்சு எடுத்த சூட்டோடு படியேறிப் போய், கதவு இடுக்கில் நீட்டினேன். உள்ளே பேசிக்கொண்டே ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. என் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மணிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"குழு சரின்னுட்டாங்க. ஆராய்ச்சி தொடரும்" என்றார். "ஆனா பன்னெண்டு பேர் கையில இல்லாம அரை மணி நேரம் சமாளிச்சேன். அது எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"தெரியாது. சரி, உக்காருங்க." படிவத்தை எடுத்தார். எதிலும் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை யோசிப்பது அவர் வழக்கம். கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மேலே, மூன்று கட்டங்கள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார். போன கை பாதி வழியில் நின்றது. இமை இறங்கியது. மோவாய் உள்ளங்கையில் சரிந்தது. டாக்டர் தூங்கிவிட்டார்.

மூன்று மாதமாக நான் தூக்கத்தைக் கோடுகளாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆளாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூச்சு நீண்டது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகக் கழன்றது. திரைச்சீலையில் வெயில் மெல்ல ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மூடிய இமைக்கு அடியில் கண்கள் இடமும் வலமும் அசைந்தன. எதையோ பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறையே தண்ணீருக்கு அடியில் போய்விட்ட மாதிரி இருந்தது.

பேனா விரலிலிருந்து நழுவி, உருண்டு, என் பக்கம் வந்து நின்றது. எதிரே கையெழுத்துப் போட்ட படிவம், மூன்று வெற்றுக் கட்டங்கள். ஒரு சின்னக் கோடு போதும். தூங்கி எழுந்தால் அவரே போட்டதாக நினைத்துக்கொள்வார். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை. என் கை எனக்குத் தெரியாமல் எதையும் செய்யக்கூடியது என்று அன்று காலையில்தான் கண்டிருக்கிறேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். யாரோ கதவைத் திறந்தார்கள். கையை எடுக்காமலே தலையை மட்டும் ஆட்டினேன், சாத்திவிட்டுப் போனார்கள்.

டாக்டர் கண்ணைத் திறந்தபோது வெயில் சுவரின் அந்தப் பக்கம் போயிருந்தது.

"எங்க விட்டேன்?"

"கையெழுத்து போட்டுட்டீங்க. கட்டம் பாக்கி."

படிவத்தைப் பார்த்தார். என் பக்கம் கிடந்த பேனாவைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த என் கைகளைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம்?"

"முக்கால் மணி நேரம் டாக்டர்."

"எழுப்பியிருக்கலாமே?"

"நல்லா ஓடிட்டிருந்துச்சு. நிறுத்த மனசு வரல."

பேனாவை எட்டி எடுத்து, முதல் கட்டத்தில் டிக் போட்டு, படிவத்தை என் பக்கம் தள்ளினார். "காப்பி எடுத்து ஃபைல்ல வச்சிடுங்க. நாளைக்கு எட்டு மணி."

நிரந்தரம் என்று இருந்தது. நடைபாதையில் வந்து மறுபடி படித்தேன், அப்போதும் அதுதான் இருந்தது. திறந்திருந்த ஓர் அறைக்குள் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். நிறுவனத்தை மூடிய அன்று நான் அழவில்லை. ஏழு மாதம் கணவர் எதிரிலும் அத்தை எதிரிலும் ஒன்றுமே நடக்காத மாதிரி வளையவந்தேன். யாராவது கேட்டால் "ஓய்வுதானே, நல்லாத்தான் இருக்கு" என்று சிரிப்பேன். அதெல்லாம் எங்கே நின்றுகொண்டிருந்ததோ, இப்போது ஒன்றாகச் சேர்ந்து வந்தது. தோள் குலுங்கக் குலுங்க அழுதேன்.

எப்போது வந்தார் என்று தெரியாது, பூனை கதவருகில் நின்றார். "அக்கா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீங்க போங்க" என்றேன். "இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு. முடியட்டும்."